எட்டில் ஒரு பங்கு

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த ஃபோர்டாம் மருத்துவமனையில், 1913ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று அயர்லாந்து வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளை. மற்றது யூதக் குடும்பத்தின் பிள்ளை. வீட்டுக்குப் போகும்போது இரண்டும் இடம் மாறிப்போயின. எப்படி மாறின என்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. யூதத் தாய் பெற்ற குழந்தை அயர்லாந்துக் குடும்பத்துக்குப் போனது. அந்த வீட்டில் தாய் சீக்கிரமே இறந்துவிட, பையன் கத்தோலிக்க அநாதை இல்லத்தில் வளர்ந்தான். ஆளாகி, மணமுடித்து, ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தன்னை அயர்லாந்துக்காரர் என்றே எண்ணி வாழ்ந்து, 1999இல் கண்ணை மூடினார்.

அவருடைய மகள்களில் ஒருவர் 2012இல் ஒரு சிறு குழாயில் எச்சிலை நிரப்பி டிஎன்ஏ நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். அப்பாவின் முன்னோரைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளும் ஆசைதான். வந்த முடிவில் ஒரு பாதி பிரிட்டன் பக்கம் நின்றது. மறுபாதி ஐரோப்பிய யூதர் என்றது. ஆய்வுக்கூடத்தில் ஏதோ தவறு என்று நினைத்தார். தங்கையும் கொடுத்துப் பார்த்தார், அதே முடிவு.

அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்குள் எழும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். அம்மாவா? உடன்பிறந்தவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது எல்லோரும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள் என்று உறுதியானது. பாட்டியா? அப்பாவின் அக்காள் மகனிடம் எச்சில் கேட்டு வாங்கினார்கள். காலமெல்லாம் அத்தை மகன் என்று பழகியவர். அவருக்கும் இவர்களுக்கும் ரத்தத் தொடர்பே இல்லை என்று வந்தது. பாட்டி தவறியிருந்தால்கூடப் பாட்டி வழிப் பங்காவது இருந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தில் பிறக்காதவர் அப்பாவேதான்.

அதன் பிறகு நெடுங்காத்திருப்பு. ஒருநாள் அந்த அத்தை மகனின் உறவுப் பட்டியலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் வந்து நின்றது. யூத வழி என்ற முடிவை எதிர்பார்த்து எச்சில் அனுப்பியவர் அவர். அயர்லாந்து என்று பார்த்துத் திகைத்துப் போயிருந்தார். அவருடைய தாத்தா பிறந்தது அதே மருத்துவமனையில், அதே நாளில். லிபி கோப்லண்ட் என்ற பத்திரிகையாளர் 2017இல் வாஷிங்டன் போஸ்ட்டில் இதை எழுதினார். பிறகு இத்தகைய குடும்பங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

நூறாண்டு முடிச்சு எதைக்கொண்டு அவிழ்ந்தது என்பதில்தான் என் மனம் நிற்கிறது. இறந்தவர்களின் எலும்பு எதையும் சொல்லவில்லை. உயிரோடிருந்த சிலர், ஒருவரையொருவர் அறியாமலே, ஆளுக்கொரு குழாயை அஞ்சலில் போட்டார்கள், அவ்வளவுதான். முன்னோரைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் இந்தப் பரிசோதனை உண்மையில் காட்டுவது உயிரோடிருப்பவர்களை.

அதன் வேலையே அப்படிப்பட்டது. டிஎன்ஏவின் 300 கோடி எழுத்துகளில், ஆளுக்கு ஆள் வேறுபடும் சுமார் 6, 7 லட்சம் இடங்களை மட்டும் படிக்கிறார்கள். பிறகு இரண்டு ஒப்பீடுகள் நடக்கின்றன. ஒன்று, பல தலைமுறைகளாக இன்ன பகுதியில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரி மனிதர்களோடு. அவர்களும் பெரும்பாலும் நம் காலத்து மனிதர்களே. இதிலிருந்துதான் ‘இத்தாலி 12 சதவீதம்’ போன்ற கணக்குகள் பிறக்கின்றன. மாதிரித் தொகுப்பை நிறுவனம் மாற்றினால் சதவீதமும் மாறிவிடும். கனடாவின் சிபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரும் அவருடைய உருவொத்த இரட்டைச் சகோதரியும் 2019இல் ஐந்து நிறுவனங்களுக்கு எச்சில் அனுப்பிப் பார்த்தார்கள். டிஎன்ஏ அச்சு அசலாக ஒன்றாயிருந்தும், நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவு வேறுபட்டது. சில இடங்களில் அக்காளுக்கும் தங்கைக்குமே வேறுபட்டது. இந்தச் சதவீதங்களைக் கொண்டு பெருமைப்படுவதிலும் வருந்துவதிலும் பொருளில்லை. மேலும், பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு 1,024 முன்னோர். அவர்களில் பலருடைய டிஎன்ஏ ஒரு துண்டுகூட நம்மிடம் எஞ்சியிருக்காது. நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்கள்தான் அவர்களும். ஆனால் எந்தக் குழாயிலும் அகப்பட மாட்டார்கள்.

இரண்டாவது ஒப்பீடு பிற வாடிக்கையாளர்களோடு. நெருங்கிய உறவில் இது அநேகமாகத் தவறுவதில்லை. பெற்றோருடன் பாதி, தகப்பன் மட்டும் ஒன்றான உடன்பிறப்புடன் சுமார் நான்கில் ஒன்று, பெற்றோரின் உடன்பிறந்தார் மக்களுடன் சுமார் எட்டில் ஒன்று. மனிதர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போடுவது இந்தப் பட்டியல்தான்.

அந்த எட்டில் ஒன்றை நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. சித்தப்பா மகனும் மாமன் மகனும் டிஎன்ஏ கணக்கில் ஒன்று. இருவரோடும் நமக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆனால் நம் வீடுகளில் ஒருவன் தம்பி, மற்றவன் மச்சான். சித்தப்பா மகன் பங்காளி. அவன் வீட்டுச் சாவு நமக்கும் தீட்டு, சொத்தில் வாய்க்கால் வரப்பு வரை அவனோடு பேச்சு உண்டு, அவன் தங்கை நமக்கும் தங்கை. மாமன் வீட்டில் பெண் எடுக்கலாம், கொடுக்கலாம். காது குத்துக்கு மாமன் மடி வேண்டும், சடங்குக்கு மாமன் சீர் வேண்டும். ரத்தத்தில் பங்கு சமமாக இருக்க, கடமையும் உரிமையும் இரு வேறு திசையில் போகின்றன. ரத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசும் சமூகம், உறவை ரத்தத்தின் அளவைக்கொண்டு வகுக்கவில்லை. யாருக்கு யார் என்ன செய்ய வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்ற முறையைக்கொண்டு வகுத்தது.

இந்த முறைக்கு நான் புகழ் பாடவில்லை. முறைப்பெண் என்ற ஒரே காரணத்துக்காக மனமில்லாத மணத்துக்குத் தலை குனிந்த பெண்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. சாதிக்கு உள்ளேயே கொண்டு கொடுத்து நாம் கட்டிய வேலியும் டிஎன்ஏவில் பதிந்துதான் இருக்கிறது. ஹைதராபாதின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து அறிஞர்களான குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் மக்கள் கூட்டங்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தன என்றும், பிறகு கதவை அடைத்துக்கொண்டன என்றும் காட்டியது. டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ ஒரு தமிழர் எச்சில் அனுப்பினால், ‘தென்னிந்தியா, இலங்கை’ என்பது போன்ற பெயருக்கு நேரே பெரும்பாலும் நூறை ஒட்டிய சதவீதம் வரும். கூடவே ஒரு நீண்ட உறவுப் பட்டியலும் வரும். அதில் பலர் காட்டப்படும் அளவுக்கு நெருங்கியவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக உள்ளேயே கலந்த ரத்தம், தூரத்து ஆளைப் பக்கத்து ஆளாகக் காட்டும். அடைத்த கதவின் அடையாளம் அது. பெருமைக்கு அதில் இடமில்லை.

ஆனாலும் முறை என்ற ஏற்பாட்டில் ஓர் அறிவு இருக்கிறது என்று நினைக்கிறேன். பங்கு இருப்பதால் மட்டும் ஒருவர் உறவாகிவிடுவதில்லை. என்ன கடன் என்று இருபுறமும் தெரிந்த பிறகே உறவாகிறார். டிஎன்ஏ பரிசோதனை ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவருக்கு நாம் யார், நமக்கு அவர் யார் என்று சொல்ல அதனிடம் எந்த முறையும் இல்லை. வாசலில் நிற்கும் அந்த ஆளுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்ற கேள்வியில்தான், இந்தப் பரிசோதனை செய்துகொண்ட மனிதர்களின் அனுபவங்கள் அத்தனையும் போய் முட்டுகின்றன.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையில் இந்த முட்டல் மிகக் கூர்மையானது. அவர்கள் வேரைத் தேடிப் போகும்போது 1870 என்ற சுவரில் மோதிக்கொள்கிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் எஜமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பாலினம், நிறம். அடிமையின் பெயர் பொதுவாக இருக்காது. விடுதலைக்குப் பிறகு 1870இல்தான் அவர்களில் பெரும்பாலோர் கணக்கெடுப்பில் முதன்முறையாகப் பெயரோடு நின்றார்கள். அதற்கு முந்தைய தாத்தனையும் பாட்டியையும் தேட அநேகருக்கு ஒரே ஏடு அவர்களுடைய உடம்புதான். அந்த ஏடு ஆப்பிரிக்காவை மட்டும் சொல்வதில்லை. 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் டிஎன்ஏவில் சராசரியாக 24 சதவீதம் ஐரோப்பிய வழி என்று தெரிந்தது. அதுவும் பெரும்பாலும் ஆண்கள் வழியாக வந்தது. அடிமைப் பெண்ணின் மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லாத காலம் அது. அந்தச் சதவீதம் ஒரு குற்றத்தின் பதிவு. உறவுப் பட்டியலைத் திறந்தால் எஜமானர் வீட்டுக் கொள்ளுப்பேரர்கள் தூரத்துச் சகோதரர்களாக வந்து நிற்கிறார்கள்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமையாயிருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் உண்டு என்று ஹெமிங்ஸ் வழியினர் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். 1998இல் ஆண்வழிக் குரோமோசோம் ஆய்வு ஜெஃபர்சன் ஆண்வழியோடு அவர்களுக்குள்ள தொடர்பைக் காட்டியது. ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையே 2000இல் அவர்தான் தகப்பனாக இருக்க அதிக வாய்ப்பு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வளாகத்திலுள்ள குடும்ப இடுகாடு, ஜெஃபர்சனின் மற்ற வழியினரின் சங்கத்துக்குச் சொந்தம். 2002இல் அந்தச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, ஹெமிங்ஸ் வழியினரை உறுப்பினராக ஏற்க மறுத்துவிட்டது. ரத்தத்தில் இடம் உண்டு, மண்ணில் இடம் இல்லை. இடுகாட்டில் யாருக்கு இடம் என்பதில் உயிரை விடும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு அந்த வாக்கெடுப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தன் எச்சில் தன் சொந்த விஷயம் என்று நினைத்துத்தான் பலரும் அனுப்புகிறார்கள். அது அப்படியில்லை. கலிஃபோர்னியாவில் 13 பேரைக் கொன்று பல பத்தாண்டுகள் அகப்படாமல் இருந்த ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ 2018இல் பிடிபட்டது, தூரத்து உறவினர்கள் தாமாக ஏற்றிவைத்த டிஎன்ஏ வழியாக. 2023இல் டிஎன்ஏ பரிசோதனை நடத்தும் 23அண்ட்மீ நிறுவனத்தில் இணையத் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில். உறவுப் பட்டியல் வழியாக அவர்கள் கைக்குப் போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, ஒன்றரைக் கோடி மனிதர்களின் மரபுத் தகவல் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது. பிரான்ஸ் இத்தகைய வீட்டுப் பரிசோதனையையே சட்டத்தால் தடுத்திருக்கிறது; மீறினால் 3,750 யூரோ அபராதம். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழரின் வழியினர் வாழும் ரீயூனியன் தீவிலும் அதே சட்டம்தான். அபாயம் உண்மை. ஆனால் தடை இதற்கு மருந்தல்ல என்பது என் எண்ணம். ஏனென்றால் வெளிப்படுவது குற்றவாளி மட்டுமல்ல. வேறொருவர் மேல் திணிக்கப்பட்ட மௌனமும் வெளிப்படுகிறது.

எழுத்தாளர் டானி ஷாபிரோ கட்டுப்பாடான யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கணவர் செய்துகொண்டதால் தானும் ஒரு பரிசோதனை செய்துகொண்டார். தான் உயிராய் நேசித்த அப்பா தன்னைப் பெற்றவர் அல்ல என்று தெரிந்தது. பெற்றோர் பிள்ளைக்காக ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு மருத்துவ மாணவரின் விந்து பயன்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் கணவரின் விந்தையும் கொடையாளரின் விந்தையும் கலந்து செலுத்தும் பழக்கம் இருந்தது. யாருடைய பிள்ளை என்று நிச்சயமாகத் தெரியாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அவர் அறிந்தபோது அம்மா, அப்பா இருவரும் உயிரோடில்லை. கேட்க வேண்டியவர்கள் போன பிறகு வந்து சேர்ந்த கேள்வியோடு அவர் பட்ட பாடு 2019இல் நூலாக வந்தது.

இந்தியானாபோலிஸ் நகரின் கருத்தரிப்பு மருத்துவர் டொனால்ட் கிளைன் செய்தது இதைவிடக் கொடியது. மருத்துவ மாணவர்களின் விந்து என்றும், சிலரிடம் கணவரின் விந்து என்றும் சொல்லிவிட்டுத் தன் விந்தையே செலுத்தினார். 2014 முதல் வீட்டு டிஎன்ஏ பரிசோதனைகள் வழியாக ஒவ்வொருவராக வெளிவந்து, இன்று 90க்கு மேற்பட்ட பிள்ளைகள். பலர் ஒரே வட்டாரத்தில் வாழ்கிறார்கள். தெரியாமல் ஒருவரையொருவர் மணந்துகொண்டிருக்கக்கூடும். அந்தச் செயலைக் குற்றமாக்கும் சட்டமே அப்போது அங்கே இல்லை. விசாரணையில் பொய் சொன்னதற்காக மட்டும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். அந்தப் பிள்ளைகள் விடாமல் போராடியதால் இந்தியானா மாநிலம் 2019இல் சட்டம் கொண்டுவந்தது.

நீதிமன்றம் தராத ஒன்றை அவர்களே தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது என்னைத் தொட்டது. பட்டியலில் புதிதாக ஒரு பெயர் தோன்றும். முன்னரே வந்தவர்களில் ஒருவர் அவரைத் தேடிப்பிடித்து, நடந்ததைச் சொல்கிறார். அந்தச் செய்தி ஒருவரின் வாழ்வை உடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் தங்கள் வாழ்வும் அதே செய்தியில் உடைந்தது. ஆனாலும் சொல்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு மட்டுமே பொதுவாக உள்ள, ஒரே வீட்டில் வளராத, ஒரே உணவை உண்ணாத அந்த மனிதர்கள் ஒரு முறையை ஏற்படுத்திவிட்டார்கள். அந்த முறையின் முதல் கடன், உண்மையைச் சொல்லிவிடுவது.

இதைத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். பதினேழு வயதில் மணமாகாமல் கருவுற்று, ஊருக்குப் பயந்த பெற்றோரால் எங்கோ ஒரு விடுதிக்கு அனுப்பப்பட்டு, பெற்ற பிள்ளையைப் பார்க்கவும் விடாமல் கையெழுத்து வாங்கப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அப்படிப்பட்ட பெண்கள் ஆயிரமாயிரம் பேர். இதை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். பிறகு அவள் மணந்தாள், வேறு பிள்ளைகள் பெற்றாள், முதல் பிள்ளையைப் பற்றிக் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுடைய எழுபத்தைந்தாம் வயதில் பேத்தி விளையாட்டாக ஒரு குழாயில் எச்சில் நிரப்புகிறாள். அந்த முதல் பிள்ளை உறவுப் பட்டியலில் வந்து நிற்கிறது. யாருடைய பக்கம் நிற்பது?

அந்தத் தாயின் அச்சத்தை இலேசாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கை அந்தப் பிள்ளை கொடுக்கவில்லை. பிறக்கும் முன்பே ஒருவர் சார்பாக இன்னொருவர் மௌனத்துக்கு ஒப்பந்தம் போட முடியாது. நான் யாருக்குப் பிறந்தேன், ஏன் விடப்பட்டேன், என் குடும்பத்தில் என்ன நோய் ஓடுகிறது: இவற்றுக்கு ஒருமுறையாவது நேர்மையான பதிலைப் பெறும் உரிமை பிறந்தவருக்கு உண்டு. அதற்குமேல் எதுவும் தானாக வந்துவிடாது. வீட்டுக்குள் அழைக்கப்படும் உரிமை, அம்மா என்று கூப்பிடும் உரிமை, விருந்தில் இலை போடப்படும் உரிமை: இவை எந்தப் பங்கிலிருந்தும் பிறப்பதில்லை, இருவரும் மனமொத்துக் கொடுத்தால்தான் உண்டு. பிரிட்டன் இந்தத் தெளிவை ஓரளவு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு அங்கே பதிவுசெய்த விந்து, கருமுட்டைக் கொடையாளர்களின் அடையாள விவரத்தை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுப் பெறலாம். அடையாளத்தைத்தான் பெறலாம், சொத்தையோ பாசத்தையோ கேட்க முடியாது. உண்மை மட்டும் கடன். மற்றதெல்லாம் கொடை.

இந்தக் கடனை இன்று அதிகம் பட்டிருப்பவர்கள் தாய்மார்கள் அல்ல என்பதை, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்று காட்டுகிறது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துக்கொடுக்கப்பட்டார்கள். நெதர்லாந்தின் ஜெம்ப்லா தொலைக்காட்சி நிகழ்ச்சி 2017இல் அந்தத் தொகையைச் சுமார் 11,000 என்றது. குழந்தையைப் பெற்றவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணுக்குக் காசு கொடுத்து அதிகாரிகள் முன் தாயாக நடிக்கவைத்தது, போலிப் பிறப்புச் சான்றிதழ் செய்தது, விற்பதற்கென்றே கருவுற்ற பெண்களைக் கூட்டிவைத்த இடங்கள் நடத்தியது என எல்லாம் அதில் வெளிவந்தன. அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்நிகழ்ச்சியிலேயே முறைகேட்டை ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து அரசின் விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அரசும் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று அது சொன்ன அன்றே வெளிநாட்டுத் தத்தெடுப்பு நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையும் இதிலிருந்து தப்பவில்லை. 1990களின் இறுதியில் இங்கே ஏழைகளின் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட பிள்ளைகள், தத்து நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிநாடுகளுக்குப் போனது 2005இல் காவல்துறை விசாரணையில் அம்பலமானது.

இலங்கையிலிருந்து போன அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். கையில் ஒரு கோப்பு. அதில் ஒரு தாயின் பெயர், ஒரு ஊர், ஒரு கையெழுத்து. இலங்கைக்குப் பறந்துபோய் அந்த ஊரில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, கட்டியணைத்து அழுது, ஆண்டுக்கணக்கில் பணம் அனுப்பி, பிறகு டிஎன்ஏ பரிசோதனை செய்தபோது அவள் தாயல்ல, நடித்தவள் என்று அறிந்தவர்கள் உண்டு. ஒரு மனிதரிடமிருந்து தாயை இருமுறை பறிக்க முடியும் என்பதை அவர்களிடமிருந்துதான் நான் அறிந்தேன்.

காகிதம் பொய் என்றான பிறகு அவர்களுக்கு எஞ்சியது எச்சில்தான். ஆனால் அங்கேயும் ஒரு சுவர். இந்த நிறுவனங்களின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள். தத்துப்பிள்ளை எச்சில் கொடுத்தால், தன்னைப் போலவே அனுப்பப்பட்ட இன்னொரு பிள்ளை ஆம்ஸ்டர்டாமிலோ பாரிஸிலோ சகோதரனாக வந்து நிற்கலாம். அப்படி வந்தும் இருக்கிறார்கள். தாய் வரமாட்டாள். களுத்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இப்படியொரு பரிசோதனை இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பணம் அவளிடம் இல்லை. உயிரோடிருப்பவர்களைக் காட்டும் கருவி என்றேன். காசுள்ளவர்களையே காட்டும் கருவி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை போன வழியிலேயே டிஎன்ஏவும் ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளைகளே தங்கள் கைக்காசில் குழாய்களை வாங்கிக்கொண்டு இலங்கைக் கிராமங்களுக்குப் போகிறார்கள்; பிள்ளையைத் தொலைத்த தாய்மார்களின் எச்சிலை வாங்கிப் பதிவுசெய்கிறார்கள். பலர் தம் தாய்க்காக மட்டும் போவதில்லை. யாரோ ஒருவரின் தாய்க்காகவும் போகிறார்கள்.

அர்ஜென்டினாவில் இந்தத் தேடல் தலைகீழாக நடந்தது. 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி, சிறைபிடித்த இளம் தாய்மார்களைக் கொன்று அவர்களுடைய குழந்தைகளைப் பிற குடும்பங்களுக்குக் கொடுத்தது. பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய பாட்டிமார்கள், பெற்றவர்கள் இல்லாமலே பேரனைப் பேரன் என்று நிறுவ வழியுண்டா என்று விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் உள்ளிட்டோர் அதற்கான கணக்கை உருவாக்கிக் கொடுத்தார்கள். 1987இல் அரசு சட்டம் இயற்றித் தேசிய மரபணுத் தகவல் வங்கியை அமைத்தது. பாட்டிகள் தங்கள் ரத்தத்தைக் கொடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தாங்கள் இறந்தாலும், என்றோ ஒருநாள் சந்தேகத்தோடு வரும் பேரனுக்குப் பதில் அங்கே இருக்கும் என்று. சுமார் 140 பேர் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். எந்த நிறுவனத்துக்கும் அவர்கள் கட்டணம் கட்டவில்லை. எந்தத் திவால் நீதிமன்றத்திலும் அவர்களுடைய ரத்தம் ஏலத்துக்கு வராது. அரசு செய்த குற்றத்துக்கு அரசு சொல்ல வேண்டிய உண்மை அது என்று அந்த நாடு ஏற்றுக்கொண்டது. தென்கொரியாவும் தன் தூதரகங்களில் தத்துப்பிள்ளைகளின் டிஎன்ஏவை வாங்கிப் பதிவுசெய்ய 2020 முதல் வழிசெய்திருக்கிறது.

இலங்கை அமைச்சரும் 2017இல் ஒரு டிஎன்ஏ வங்கி அமைப்பதாக வாக்களித்தார். 1980களின் தொடக்கத்தில் இருபது வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. பெரிய ஆய்வுக்கூடமோ புதுக் கண்டுபிடிப்போ அப்படியொரு வங்கிக்குத் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் ஒரு குழாயை நீட்டவும், விரும்பினால் மட்டும் கொடுங்கள், உங்களைக் குற்றம் சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் எடுத்துச்சொல்லவும் ஒரு தாதி இருந்தால் போதும். அன்றைய மருத்துவமனைப் பதிவேடுகளையும் தத்து வழக்குகளின் நீதிமன்றக் கோப்புகளையும் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் ஸ்வீடனும் இதன் செலவை ஏற்க வேண்டும். குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட நாடுகள் அவை. தாய்மார்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.